அம்மா தைத்த ஜம்பரை வெட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

பெரிய நோயிலிருந்து மீண்டு வரும் நாட்களில், வீட்டில் இருக்கும் பழைய கைத்தையல் உடுப்புகளை இப்போதைய உடம்புக்கு ஏற்ப மாற்றித் தைப்பது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இவை. உடம்பு முதலில், துணி அப்புறம் என்ற வரிசையிலேயே பதில் எழுதியிருக்கிறோம். காயம், மருந்து, எடை தூக்குவது இவற்றில் உங்கள் மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

எனக்க அம்மா கையால தைச்சு, கழுத்திலயும் கையிலயும் பூ போட்ட ஜம்பர் (ரவிக்கை) ஆறேழு இருக்கு. இடது மார்பில் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டார்கள். கதிர் சிகிச்சையும் முடிந்தாச்சு. கை தலைக்கு மேலே போகவில்லை. ஜம்பருக்கெல்லாம் பின்பக்கம் கொக்கி. வெட்டினால் பூ போய்விடுமோ என்று பயந்து பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.
– வாசகி, தக்கலை

பூவில் கத்தரி படாமலே மாற்றலாம். ஆனால் கத்தரியைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

அளவை மாலையில் எடுங்கள். முடிச்சு எடுத்த பக்கத்துக் கை காலையைவிட மாலையில் சற்றுப் பருத்திருக்கக்கூடும். அழுத்த உறை போடச் சொல்லியிருந்தால் அதைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை அளந்து, பெரிய அளவை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைக்கும் ஒரே இடத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, கை கனப்பதாகத் தோன்றினாலோ தையலைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நிணநீர் வீக்கத்தை ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுக்குள் வைப்பது எளிது.

அடுத்தது துணி. இரண்டு கட்டைவிரலையும் ஓர் இன்ச் இடைவெளியில் வைத்துத் துணியை மெல்ல இழுத்துப் பாருங்கள், நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை. இழை விலகினாலும் பழையபடி கூடினால் துணிக்கு உயிர் இருக்கிறது. ‘சர்’ரென்று பிளந்தால் அந்த இடம் தையலைத் தாங்காது. பழைய ஜம்பரில் முதலில் போவது அக்குள்தான், வியர்வை அங்கே நூலை அரித்திருக்கும். நமக்கு நல்லகாலம், மாற்றப்போவதும் அந்த இடத்தைத்தான்.

மூன்றாவது சாயம். நனைத்துப் பிழிந்த வெள்ளைத் துணியைப் பூவின் பின்பக்கம் ஐந்து நிமிடம் அழுத்தி வையுங்கள். சிவப்பு, மெரூன், கரும்பச்சை நூல்கள்தான் பெரும்பாலும் கறை விடும். உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்று பலரும் நம்புகிறார்கள். ஏற்கெனவே ஏறிய சாயத்தை அவை பிடித்து வைக்காது. சாயம் விடுகிற ஜம்பரை ஊறப்போடாமல், குளிர்ந்த நீரில் சட்டென்று அலசி, மடிக்காமல் விரித்து நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூவின் நிழல் எதிர்ப்பக்கத்தில் விழுந்துவிடும். அது போகவே போகாது.

இனிப் பிரிக்கலாம். கைத்தையலில் நூல் முனையைப் பிடித்து இழுக்காதீர்கள், துணி நூலோடு கூடவே கிழியும். ஒரு பக்கத்தில் மூன்று தையலுக்கு ஒன்றாக வெட்டிக்கொண்டே போய், மறுபக்கத்திலிருந்து நூலை உருவுங்கள், சத்தமில்லாமல் கழன்று வரும். அந்தக் காலத்தில் பிற்பாடு பெரிதாக்கலாம் என்று பக்கத் தையலுக்கு உள்ளே அரை இன்ச் முதல் ஓர் இன்ச் வரை துணி விட்டுத் தைப்பார்கள். அதை விரித்தாலே உங்களுக்கு வேண்டிய சுற்றளவில் பாதி கிடைத்துவிடும்.

கொக்கியை முன்னால் கொண்டுவருவதுதான் முக்கியமான வேலை. முதலில் பின்பக்கத்துக் கொக்கிகளைக் கழற்றி, பட்டிகளை முன்பிருந்தபடியே ஒன்றன்மேல் ஒன்று வைத்து இரட்டைத் தையலில் மூடிவிடுங்கள். முன்நடுவில் பூ இல்லாவிட்டால் நேராக நடுவில் வெட்டலாம். கழுத்தைச் சுற்றி பூ கூடியிருந்தால் நடுவைத் தொடவே வேண்டாம். நோயில்லாத வலது பக்கத்தில், தோள் தையலின் நடுவிலிருந்து மார்பின் முனை வழியாகக் கீழ்விளிம்பு வரை சாக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். தையல்காரர்கள் பிரின்சஸ் கட் என்று வெட்டுகிற அதே கோடுதான். டாட் (மார்பு வடிவத்துக்காகத் துணியை மடித்துத் தைக்கும் தையல்) பிடித்திருந்தால் அது இந்தக் கோட்டுக்குள் அடங்கிவிடும். கோடு பூவை எங்காவது தொட்டால் அரை இன்ச் தள்ளிப் போடுங்கள். இந்தக் கோட்டில் வெட்டி, வலதுதோள் தையலையும் கழுத்திலிருந்து கோடு வரை பிரித்துவிட்டால், பூ போட்ட முன்துண்டு முழுசாக ஒரே பலகையாக நிற்கும். அதைப் போர்த்தி வலது பக்கத்தில் பூட்டிக்கொள்ளலாம். இடது கையைத் தூக்கவே வேண்டியதில்லை.

வெட்டின இரண்டு விளிம்புக்கும் தனித்தனிப் பட்டி கொடுக்க வேண்டும். 3 இன்ச் அகலத் துண்டை இரண்டாக மடித்தால் தையல்போக ஓர் இன்ச்சுக்கு மேல் நிற்கும். 2 பை 2 ரூபியா என்ற மெல்லிய ரவிக்கைத் துணி போதும். கெட்டித் துணி வைத்தால் பழைய துணி அதன் ஓரத்தில் கிழியத் தொடங்கும். கொக்கிக்குப் பதிலாக 2 இன்ச்சுக்கு ஒன்றாக பிரஸ் பட்டன் வையுங்கள். கீமோவால் விரல் மரத்திருந்தால் சின்னக் கொக்கியைப் பிடிக்கவே முடியாது.

அடுத்தது அக்குள் துண்டு. ‘கை தூக்க முடியவில்லை’ என்று சொல்பவர்களில் பலருக்கு உடம்போடு சேர்ந்து உடுப்பும் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஜம்பர் கையின் அடித்தையலும் பக்கத்தையலும் சேரும் இடத்திலிருந்து கைப்பக்கம் 3 இன்ச், பக்கத்தில் 3 இன்ச் பிரித்துவிடுங்கள். 4 இன்ச் சதுரமாக மல் துணி (மெல்லிய பருத்தித் துணி) வெட்டி, சுற்றிலும் அரை இன்ச் மடிப்பு விட்டால் 3 இன்ச் சதுரம் கிடைக்கும். அதன் ஒரு முனை கையின் அடித்தையலிலும் எதிர்முனை பக்கத்தையலிலும் மற்ற இரண்டும் முன், பின் கைக்குழித் தையலிலும் உட்கார வேண்டும். எல்லோருக்கும் தப்புவது முனையில்தான். தையலைத் துணியின் விளிம்பு வரை ஓட்டினால் முனை சுருங்கிக் குத்தும். ஒவ்வொரு பக்கத்தையும் விளிம்புக்கு அரை இன்ச் முன்னால் நிறுத்தி, நூலை முடிச்சுப் போட்டு, அடுத்த பக்கத்தைப் புதிதாகத் தொடங்குங்கள். உள்ளே இருக்கும் மடிப்பை அக்குளுக்கு வெளியே தள்ளி ஹெம்மிங் செய்யுங்கள். கதிர் பட்ட தோலில் தையல் முண்டு உரசக்கூடாது.

கையின் விளிம்பில் எலாஸ்டிக், பைப்பிங், இறுக்கமான கஃப் எதுவும் வேண்டாம். மாலையில் எடுத்த அளவுக்கு மேல் 2 இன்ச் தளர்வாக இருக்கட்டும். உட்கார்ந்த நிலையில் உள்ளங்கை முழுசாக உள்ளே போய்வர வேண்டும். கையில் உள்ள பூவேலை இறுகி நிற்கிறது என்றால், அந்தப் பூப்பட்டையை அப்படியே வெட்டி எடுத்து ஜம்பரின் கீழ்விளிம்பில் வைத்துவிடலாம்.

செயற்கை மார்பகம் வைக்கிறவர்களுக்கு உள்பை வேண்டும். வைக்கும் பொருளைக் காகிதத்தில் வரைந்து சுற்றிலும் ஓர் இன்ச் கூட்டி, பழைய வெள்ளை பனியன் துணியில் வெட்டுங்கள். அக்குள் பக்கம் 4 இன்ச் திறந்து, மடல்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கட்டும். இந்தப் பையை ஜம்பரின் மேல்துணியில் தைக்கவே கூடாது. லைனிங் கொடுத்து, அதன் தோள் தையலிலிருந்து தொங்குமாறு தையுங்கள். சிலிக்கோன் எடையைப் பழைய துணி தாங்காது, முதலில் போவது பூவுக்கு மேலே உள்ள இடமாகத்தான் இருக்கும். எதையும் வைக்க விரும்பாதவர்கள் அந்தப் பக்கத்து டாட்டைப் பிரித்து, மிஞ்சும் துணியைத் தோள் தையலில் சின்னச் சுருக்காக எடுத்துவிட்டால் முன்பக்கம் தட்டையாக விழும். இரண்டுமே சரிதான். யாருக்காகவும் இதை முடிவு செய்ய வேண்டாம்.

வலது கையால் தைப்பவருக்கு ஊசி குத்துவது துணிக்கு அடியில் பிடித்திருக்கும் இடது விரலில்தான். உங்களுக்கு அதுதான் ஆபரேஷன் ஆன பக்கம். ஆகவே விரல் உறையை வலது நடுவிரலில் போடுவதோடு இடது ஆள்காட்டி விரலிலும் ஒன்று போடுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமிநாசினி தடவி, இரண்டு நாள் கவனியுங்கள். சிவந்து பரவினாலோ, சூடாக இருந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். முழங்கையைத் தலையணையில் தாங்கி உட்காருங்கள், 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுங்கள். முதல் ஜம்பரை மிகப் பழையதாகத் தேர்ந்தெடுங்கள். மனதுக்கு நெருக்கமானது மூன்றாவதாக வரட்டும்.

கீமோ நடக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. பாட்டி கையால் தைத்த குழந்தை ஃப்ராக், ரவிக்கைத் துணிகளை வைத்து ஒரு மேல்போர்வை தைக்கலாமா? பெட்டியைத் திறந்தால் நிறைய துணியில் கரும்பன் பிடித்திருக்கிறது.
– வாசகி, குழித்துறை

போர்வை தைக்கலாம். பெட்டியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் பெட்டித் துணியில் பூசணம் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் அந்தத் தூள் நுரையீரலுக்குப் போகக்கூடாது. வீட்டில் வேறு யாராவது முகக்கவசம் போட்டு, முற்றத்தில் வைத்து உதறி, வெயிலில் காயவிட்டு, வெள்ளைப் பருத்தியை நல்ல சூடான சோப்புத் தண்ணீரில் துவைத்த பிறகே உங்கள் கைக்கு வரட்டும். சாயத்துணிக்கு 10, 12 பூந்திக்கொட்டையை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்துக் கசக்கி வடிகட்டிய நீர் போதும். நாப்தலின் உருண்டை போட்ட துணி என்றால் வாடை முழுக்கப் போகும்வரை காற்றாட விடுங்கள், கீமோவின் குமட்டலை அது கூட்டிவிடும். கரும்புள்ளி இழைக்குள் இறங்கிவிட்டால் துவைத்தும் போகாது. பிளீச் போட்டுத் துணியைக் கொல்வதைவிட அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுவது மேல்.

மருந்து ஏற்றிய நாளிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள்தான் பெரும்பாலும் வெள்ளணுக்கள் மிகக் குறைவாக இருக்கும். மருந்தைப் பொறுத்து இது மாறும் என்பதால் உங்கள் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். அந்த நாட்களில் ஊசி, பிளேடு, கத்தரி வேண்டாம். துணிகளை நிறவாரியாக அடுக்குவது, அட்டையில் அளவு வெட்டித் தரச் சொல்லிக் கோடு போடுவது, தரையில் பரப்பி எது பக்கத்தில் எது என்று பார்ப்பது எல்லாம் அப்போது செய்யலாம். போர்வையின் அழகு அந்த வேலையில்தான் முடிவாகிறது, ஊசி வேலை அப்புறம்தான். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்திருக்கிறது என்று சொல்லியிருந்தால் அது ஏறும்வரை ஊசியைத் தொடாதீர்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அளவு: ஆறரை இன்ச் சதுர அட்டை ஒன்று. கால் இன்ச் மடிப்பு போக ஒவ்வொன்றும் 6 இன்ச் நிற்கும். அகலத்தில் 8, நீளத்தில் 10 என்று 80 துண்டு வைத்தால் 48க்கு 60 இன்ச் போர்வை வரும். அடித்துணிக்குப் பழைய ஒற்றை முண்டு ஒன்று போதும், அகலம் சுமார் 50 இன்ச் இருக்கும். நடுவில் பஞ்சு வைக்க வேண்டாம். நம் ஊர் வெக்கைக்கு அது வேண்டாம், துவைத்துப் பிழியும்போது கனம் கூடும். முழு வரிசை தைப்பேன் என்று உட்காராமல், இரண்டு துண்டைச் சேர்ப்பதை ஒரு வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இன்ச்சுக்கு எட்டு ஓட்டுத்தையல், நாலு தையலுக்கு ஒரு பின்தையல். இடையில் நிறுத்தினாலும் எதுவும் கலையாது.

பழைய ஃப்ராக் துணியும் ரவிக்கைத் துணியும் ஒரே கனமாக இராது. மெல்லிய துணியைக் கனத்த துணியோடு நேராகச் சேர்த்தால் முதல் துவைப்பிலேயே மெல்லியது தையலோரம் கிழியும். மெல்லிய துண்டுகளுக்குப் பின்னால் அதே அளவு மல் துணி ஒன்றை வைத்து இரண்டையும் ஒன்றாகப் பாவியுங்கள்.

பேக்லிடாக்சல், ஆக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகள் விரல் நுனியை மரத்துப்போகச் செய்யும். மரத்த விரல் சூட்டையும் அறியாது. இஸ்திரிப் பெட்டியை வேறு யாராவது பிடிக்கட்டும்.

பெட்டியில் இருந்த வெள்ளை உடுப்புகளில் கொக்கி இருந்த இடமெல்லாம் துரு. பிளீச் போட்டேன், இன்னும் கறுத்துவிட்டது.
– வாசகி, குளச்சல்

குளோரின் பிளீச் துருவை எடுக்காது, அதை இன்னும் அழுத்திப் பதியவைத்துத் துணியையும் இற்றுப்போகச் செய்யும். எலுமிச்சைச் சாறும் உப்பும் கறையில் மட்டும் தடவி, வெயிலில் அரைமணி வைத்து, நன்றாக அலசுங்கள். தேவைப்பட்டால் மறுநாள் இன்னொரு முறை. பிளீச் மிச்சம் துணியில் இருந்தால் முதலில் அதைப் பலமுறை அலசிப் போக்குங்கள், அதன்மேல் எலுமிச்சை படக்கூடாது. கடற்காற்று அடிக்கும் ஊரில் இரும்புக் கொக்கி வைத்தால் மறுபடி இதே கதைதான். பிளாஸ்டிக் பட்டனோ, நூலிலேயே கட்டிய வளையமோ வையுங்கள். துரு ஏறிய இடத்தில் துணி ஏற்கெனவே நொந்திருக்கும், புதுப் பட்டனை வைக்கும் முன் உள்ளே ஒரு சின்ன மல் துண்டு கொடுங்கள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை சரியாக அசையவில்லை. அம்மா இருந்தபோது கையாலே தைத்துக் கொடுத்த சட்டைகளைத்தான் போடுவேன் என்கிறார். பட்டன் போட முடியாமல் எரிச்சல் படுகிறார். தையல் தெரிந்தவர், ஒரு கையால் ஏதாவது தைக்க முடியுமா என்றும் கேட்கிறார்.
– வாசகி, மார்த்தாண்டம்

சட்டையின் தோற்றம் கொஞ்சமும் மாறாமல் இதைச் செய்யலாம். பட்டன்களைக் கழற்றி, காஜாக்களைத் தைத்து மூடி, அந்தக் காஜாவின் மேலேயே பட்டனைத் தைத்துவிடுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிய சட்டைதான். உள்ளே பட்டன் இருந்த இடத்தில் முக்கால் இன்ச் வெல்க்ரோ. சொரசொரப்பான பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், முழுநீளப் பட்டையாக இல்லாமல் துண்டு துண்டாக இருக்க வேண்டும். நீளப்பட்டை வைத்தால் சட்டை பலகைபோல் விறைக்கும். துவைக்கும்போது வெல்க்ரோவை ஒட்டியே போடுங்கள், இல்லாவிட்டால் அது பழைய துணியின் இழையைப் பிடுங்கிவிடும்.

இடது பக்கத்தையலைக் கீழிருந்து அக்குள் வரை பிரித்து, 3 இன்ச் அகல நீளத்துண்டு ஒன்றை இடையில் சேர்த்தால் கையை நுழைப்பது எளிதாகும். போடும்போது பலமில்லாத கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். இது எல்லோரும் சொல்வதுதான். ஆனால் வீட்டில் அவசரத்தில் கையைப் பிடித்து இழுத்துச் சட்டைக்குள் திணித்துவிடுகிறார்கள். பக்கவாதம் வந்த தோள் மூட்டு எளிதில் நழுவும். கையை இழுக்காமல், சட்டையின் கையைச் சுருட்டி அவர் கைமேல் ஏற்றுங்கள்.

அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது, அவரைத் தைக்க விடுங்கள். எம்பிராய்டரி வளையத்தை மேஜை விளிம்பில் தச்சர்கள் வைத்திருக்கும் சி கிளாம்ப் கொண்டு இறுக்குங்கள். வளையத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் மடித்த துணி இருக்கட்டும். ஊசியைச் சோப்புக்கட்டியில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினால் ஒரு கையாலேயே நூல் கோக்கலாம். ஊசி கோக்கும் கம்பி இருந்தால் இன்னும் நல்லது. பட்டன் தைப்பதும் ஓட்டுத்தையலும் இதில் வரும். இடது கையை மடியில் போடாமல் மேஜைமேல், வளையத்துக்குப் பக்கத்தில், அவர் கண்ணில் படும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணியின் ஓரத்தை அந்தக் கையின் கனத்தாலேயே அழுத்திப் பிடிக்கட்டும். அதுவும் அந்தக் கைக்கு ஒரு வேலை. உணர்ச்சி குறைந்த கை என்பதால் கத்தரியும் ஊசியும் அதன் பக்கம் இருக்கக்கூடாது. எல்லாவற்றையும் வலது பக்கம் ஒரு தட்டில் வையுங்கள்.

மாமியாரின் உள்பாவாடையில் கையால் பின்னிய லேஸ் இருக்கிறது. துணி இற்றுவிட்டது, லேஸ் நன்றாக இருக்கிறது. மயினிக்குக் கதிர் சிகிச்சை நடக்கிறது. அவளுக்கு வீட்டில் போட ஒரு மேலுடுப்பு தைத்து அதில் வைக்க ஆசை.
– வாசகி, முளகுமூடு

லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் 1820களில் நாகர்கோவிலில் தொடங்கி வைத்த லேஸ் வேலை, நம் பக்கத்து வீடுகளுக்குள் எத்தனை தலைமுறை புகுந்திருக்கிறது என்பதற்கு உங்கள் வீட்டுப் பாவாடையும் சாட்சி. திண்டின்மேல் குண்டூசி குத்தி, பாபின்களை (நூல் சுற்றிய சிறு கட்டைகளை) மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸ் தனியாகவே நிற்கும். அது துணியோடு பிறந்ததில்லை, பிறகு சேர்த்துத் தைத்தது. அதனால் முழுசாகக் கழற்றலாம்.

லேஸ் பக்கத்திலிருந்து கத்தரியை நுழைக்காதீர்கள். துணிப்பக்கத்தில், தையலிலிருந்து கால் இன்ச் விட்டு முதலில் பாவாடைத் துணியை வெட்டி லேஸைத் தனியாக்குங்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் கறுப்புத் துணிமேல் வைத்து அந்தக் கால் இன்ச்சின் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தால், தைத்த நூல் தளர்ந்து நிற்கும். அதைத் துணுக்குத் துணுக்காக வெட்டி எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் லேஸின் விளிம்பு நூலில் ஒன்றுகூட அறுபடாது. விளிம்பு நூல் அறுந்தால் பின்னல் முழுக்க இளகத் தொடங்கும்.

பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்து, தேய்க்காமல், பிழியாமல், உள்ளங்கையில் அழுத்தித் தண்ணீரை எடுங்கள். தெர்மக்கோல் பலகையில் வெள்ளைத் துணி விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் ஒவ்வொரு வளைவையும் இழுத்துக் குத்தி நிழலில் காயவிட்டால் இஸ்திரியே வேண்டாம். கஞ்சி போட்டு வைக்காதீர்கள். கஞ்சியைத் தேடி ராமபாணப் பூச்சி வரும்.

கதிர் நடக்கும் காலத்திலும் அதற்குப் பிறகு தோல் ஆறும் வரையிலும் லேஸ் அந்த இடத்தில் படவே கூடாது. கழுத்தில் வைக்க வேண்டாம். பலமுறை துவைத்து மிருதுவான பழைய முண்டில் முன்திறப்பு வைத்த தளர்வான மேலுடுப்பு தைத்து, லேஸைக் கீழ்விளிம்பில் வையுங்கள். அங்கே தோலுக்கு எட்டாது, கண்ணுக்கு எட்டும். லேஸை ஒரேயடியாக இழுத்துத் தைக்காமல், 10 இன்ச் துணிக்குப் பத்தேகால் இன்ச் லேஸ் என்று சற்றுத் தளர்வாக விட்டு, நுண்ணிய சுற்றுத்தையலில் சேர்க்கவும். துணி சுருங்கினாலும் லேஸ் சுருண்டு நிற்காது. புதுத் துணியானால் முதலில் துவைத்துச் சுருக்கிவிட்டுத்தான் வெட்ட வேண்டும்.

பைபாஸ் ஆகி 5 வாரம். அம்மச்சியின் பழைய செட்டு முண்டுகள் இருக்கின்றன, கரைக்கசவு இன்னும் மின்னுகிறது. மிதி மிஷினில் மெல்ல ஏதாவது தைக்கலாமா?
– வாசகி, வடசேரி

இப்போது கைத்தையல் மட்டும். மிதிப்பதில் பெரிய சிரமம் இல்லை. மிஷினின் தலை 10 கிலோவுக்குக் குறையாது, அதை மேஜைக்குள்ளிருந்து தூக்கி நிமிர்த்துவதும், கனத்த துணியை இரண்டு கையாலும் தள்ளுவதும்தான் ஆபத்து. வெட்டிச் சேர்த்த மார்பெலும்பு கூட 6 முதல் 8 வாரம், முழுப் பலம் வர 3 மாதம் வரை ஆகலாம். அறுவை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகும் மிஷினைத் திறந்து வைப்பதும் மூடுவதும் வீட்டில் வேறொருவர் வேலையாகவே இருக்கட்டும். மார்பில் ‘களுக்’கென்று சத்தமோ, எலும்பு நகர்வதுபோலவோ இருந்தால் உடனே போய்க் காட்டுங்கள்.

முதலில் இருமும்போது மார்போடு அணைத்துக்கொள்ள ஒரு தலையணை தையுங்கள். 15க்கு 11 இன்ச் இரண்டு துண்டு, அரை இன்ச் மடிப்பு போனால் 14க்கு 10. இலவம்பஞ்சு துவைத்தால் கட்டிக்கொள்ளும், அதனால் துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் பஞ்சை இறுக்கமாக அடைக்கவும். உறை தனியாகக் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும்.

அடுத்து முன்திறப்பு அங்கி. முண்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், வருஷக்கணக்காக மடிந்திருந்த கோடுகள் மெலிந்து தெரியும். அந்தக் கோடு தோளிலோ, உட்காரும் இடத்திலோ, முழங்கையிலோ வராதபடி அளவு அட்டையை நகர்த்தி வையுங்கள். துணி வீணானாலும் பரவாயில்லை. கசவை முன்பட்டியில் வைக்க ஆசை வரும், ஆனால் அது ஆறிக்கொண்டிருக்கும் தழும்பை நேராக உரசும். கீழ்விளிம்பிலும் பையின் வாயிலும் வையுங்கள். தழும்பு படும் இடத்தில் உள்பக்கம் 4 இன்ச் அகலத்தில் மல் துணிப் பட்டை ஒன்று நீளமாகக் கொடுங்கள். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் சில வாரம் வீங்கும், ஆகவே அங்கியின் கீழ்ச்சுற்று தாராளமாக இருக்கட்டும். கசவின்மேல் நேராக இஸ்திரி வேண்டாம், மேலே ஒரு துணி போட்டுத் தேய்க்கவும்.

டயாலிசிஸுக்காக இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்திருக்கிறார்கள். கையால் தைத்த முழுக்கைச் சட்டைகளைச் சுருட்டி ஏற்றினால் இறுகுகிறது.
– வாசகர், ஆரல்வாய்மொழி

சுருட்டவே கூடாது, அந்தக் கையில் எந்த இறுக்கமும் ஆகாது. சட்டைக்கையின் தையலை மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல் 4 இன்ச் வரை பிரித்து, இரண்டு விளிம்பிலும் முக்கால் இன்ச் பட்டி வைத்து, 2 இன்ச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் வையுங்கள். ஃபிஸ்டுலாவுக்கு நேர் மேலே பட்டன் வந்தால் அதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கஃப் பட்டனை ஓர் இன்ச் தள்ளித் தையுங்கள். திறப்பு முடியும் மேல்முனையில் குறுக்காக நாலைந்து பின்தையல் போடாவிட்டால், ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் கிழிசல் தோள் வரை ஏறும்.